கொதிநீர்வாசிக்கும் சுடும்

இத்தாலியின் சிசிலித் தீவுக்கு வடக்கே வுல்கானோ என்றொரு எரிமலைத் தீவு இருக்கிறது. அதன் கரையோரக் கடலில், அதிக ஆழம் போகாமலே, மணல் கொதிப்பதைப் பார்க்கலாம். பிளவுகளிலிருந்து கந்தக நெடியோடு வெந்நீரும் வாயுவும் குமிழியிட்டு எழும். ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் கார்ல் ஸ்டெட்டர் அங்கே எடுத்த மாதிரிகளிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து 1982இல் அறிவித்தார். பைரோடிக்டியம் ஆக்கல்டம் என்று அதற்குப் பெயர். தட்டையான வட்டுபோன்ற செல்கள், மெல்லிய குழல்களால் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். 105 டிகிரி செல்சியஸில் மிக வேகமாகப் பெருகும். 110 வரை தாக்குப்பிடிக்கும். 82க்குக் கீழே இறங்கினால் வளர்வதை நிறுத்திக்கொள்ளும்.

இப்படிப்பட்ட உயிருக்குச் சூடு ஒரு பிரச்சினையாகவே இருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1991இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதையைச் சொன்னது. மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் வொல்ஃப்காங் பௌமைஸ்டரின் குழு, ஸ்டெட்டரோடு சேர்ந்து, 102 டிகிரியில் வளர்ந்துகொண்டிருந்த பைரோடிக்டியத்தை 108க்கு மாற்றிப் பார்த்தது. ஏற்றியது ஆறே டிகிரி. செல் மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு புரதக் கூட்டமைப்பை உண்டாக்குவதில் முனைந்துவிட்டது. 108 டிகிரியில் அதன் கரையும் புரதத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் அந்த ஒன்றாகவே இருந்தது! எட்டு உறுப்புகள் கொண்ட வளையம் ஒன்று, அதன்மேல் அதேபோல் இன்னொன்று, நடுவே ஒரு குழி என்று உருளை வடிவில் அமைந்த அந்தப் பொருள் பிறகு தெர்மோசோம் என்று அழைக்கப்பட்டது.

சூடு ஏறும்போது செல் பெருக்கும் இப்படிப்பட்ட புரதங்களுக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். கொதிநீரிலேயே பிறந்து வளரும் உயிருக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதம் எதற்கு? அந்த அளவுக்கு ஏன்? கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. எந்த உயிரையும் பதறவைப்பது வெப்பமானியில் உள்ள எண் இல்லை. பழகிய வெப்பநிலையிலிருந்து அது எவ்வளவு விலகிப்போகிறது என்பதுதான். உறுதியான புரதங்களை மட்டும் நம்பி எந்த உயிரும் காலம் தள்ளவில்லை. ஓயாத பராமரிப்பும் கூடவே வேண்டியிருக்கிறது.

பராமரிப்பு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ளப் புரதத்தின் அடிப்படைக்குப் போக வேண்டும். புரதம் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. அது தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்தால்தான் வேலை செய்யும். அந்த வடிவத்துக்கான தகவல் சங்கிலியிலேயே இருக்கிறது என்பதை ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை வைத்துக் காட்டிய கிறிஸ்டியன் ஆன்ஃபின்சென் 1972இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் அவருடைய சோதனைக் குழாயில் இருந்தது நீர்த்த கரைசல். செல்லுக்குள்ளே அப்படி விசாலம் கிடையாது. பாதி மடிந்த சங்கிலிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. உள்ளே மறைந்திருக்க வேண்டிய எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் வெளியே தெரிந்தால் பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொள்ளும். சூடு ஏறும்போது மடிந்திருந்தவையும் அவிழ்ந்து இந்தக் கூட்டத்தில் சேரும். முட்டையின் வெள்ளைக்கரு அடுப்பில் வெளுத்துக் கெட்டியாவது இதே நிகழ்ச்சிதான்: அவிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, திரும்ப அவிழ்க்க முடியாத திரளாகிவிடுகின்றன.

அந்தத் திரளைத் தடுக்கும் வேலைதான் சாப்பரோன்கள் எனப்படும் துணைப் புரதங்களுக்கு. வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் (சுருக்கமாக எச்.எஸ்.பி.) பெரும்பாலானவை இந்த வகை.

இவற்றைக் கண்டுபிடித்த வரலாறு தற்செயலில் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் நகரில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈயின் புழுக்களை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். சக ஊழியர் ஒருவர் இன்குபேட்டரின் வெப்பத்தைக் கூட்டிவிட, புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள தடித்த குரோமோசோம்களில் வழக்கத்தில் இல்லாத இடங்கள் புடைத்திருப்பதை ரிட்டோசா கவனித்தார். புடைப்பு என்றால் அந்த இடத்து மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்று பொருள். 1962இல் அவர் இதை வெளியிட்டபோது பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1974இல் ஆல்ஃபிரட் திசியேர், ஹெர்ஷல் மிட்செல் ஆகியோர் அந்தப் புடைப்புகளோடு சேர்ந்து புதிய புரதங்கள் பெருகுவதைக் காட்டிய பிறகுதான் துறை சூடு பிடித்தது. வேறொரு பக்கத்தில் கோஸ்டா ஜியார்ஜோபுலோஸ் போன்றவர்கள், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் பெருகுவதற்கு ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் எந்த மரபணுக்கள் தேவை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்ததும் இதே புரதங்களிடம்தான். 1989இல் ஃபிரான்ஸ் உல்ரிச் ஹார்ட்லும் ஆர்தர் ஹார்விச்சும், செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் புரதங்கள் மடிவதற்கு எச்.எஸ்.பி. 60 என்ற துணைப் புரதம் கட்டாயம் வேண்டும் என்று நிறுவினார்கள். சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் புரதங்கள் அன்றாடம் தேவை என்பது அப்போது உறுதியாயிற்று.

பெயரில் வரும் 60, 70, 90, 100 என்ற எண்கள் மூலக்கூறின் எடையைக் கிலோடால்டனில் சொல்பவை. எச்.எஸ்.பி. 70 நீண்ட சங்கிலியின் எண்ணெய்ப் பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். எச்.எஸ்.பி. 60 குடும்பம் அறைபோன்ற உருளை. எச்.எஸ்.பி. 100 ஏற்கெனவே திரண்டுபோனதைப் பிரித்தெடுக்கும். சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் ஆற்றல் எதையும் செலவழிக்காமல், அவிழ்ந்தவற்றைத் திரளவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.

எந்தச் சூட்டில் இவை பெருகும் என்பது ஒவ்வோர் உயிருக்கும் வேறு. 30 டிகிரியில் வளரும் ஈ. கோலைக்கு 42 போதும். ஜொனாதன் டிரெண்ட், பாக்டீரியாவிலிருந்து வேறான உயிர்ப் பிரிவான ஆர்க்கியாவைச் சேர்ந்த சல்ஃபோலோபஸை வைத்து 1990இல் செய்த சோதனை இந்தத் துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. சல்ஃபோலோபஸ் அமிலமும் கந்தகமும் கலந்த வெந்நீர் ஊற்றுகளில் வாழ்வது. 70 டிகிரியில் வளர்ந்த செல்களை நேராக 92க்குக் கொண்டுபோனால் அவை மடிகின்றன. முதலில் 88இல் ஒரு மணி நேரம் வைத்திருந்து, அதன்பின் 92க்குக் கொண்டுபோனால் பல மடங்கு அதிகமான செல்கள் தப்பிக்கின்றன. அந்த ஒரு மணி நேரத்தில் செல்லுக்குள் மேலோங்கி உருவாகும் புரதம் ஒன்றே ஒன்று, எடை சுமார் 55 கிலோடால்டன். தெர்மோசோமின் நெருங்கிய உறவினர் அது.

ஆக, 88 டிகிரி சல்ஃபோலோபஸுக்கு அதிர்ச்சி. அதே 88இல் பைரோடிக்டியம் மந்தமாகத்தான் வளரும். வுல்கானோவிலிருந்தே 1986இல் அறிவிக்கப்பட்ட பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் 100 டிகிரியில் செழிப்பது. அதற்கு அதிர்ச்சி கொடுக்க 105 வரை ஏற்ற வேண்டியிருந்தது.

இயற்கையில் இப்படித் திடீரென்று ஏறி இறங்குமா என்று கேட்கலாம். கடலடி வெந்நீர் ஊற்றுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஐயமே வராது. 1979இல் கிழக்குப் பசிபிக் மேட்டில் கண்டுபிடிக்கப்பட்ட கரும்புகை ஊற்றுகளில் வெளிவரும் நீர் 350 டிகிரியைத் தாண்டியது. சுற்றியிருக்கும் ஆழ்கடல் நீரோ 2 டிகிரி. இடையே நிற்பது கனிமங்கள் படிந்து உருவான புகைபோக்கியின் சுவர்; அதன் தடிமன் சில சென்டிமீட்டர்தான். அந்தச் சுவரின் நுண்துளைகளில்தான் இந்த உயிர்கள் குடியிருக்கின்றன. சுவரில் விரிசல் விட்டால், ஊற்றின் வேகம் மாறினால், நீரோட்டம் திசை மாறினால், ஒரு செல் இருக்கும் இடத்தின் வெப்பம் நொடிகளில் பல டிகிரி மாறிவிடும். ஓடிப் பிழைக்கவும் இடமில்லை. ஒரு பக்கம் வெந்து சாக வேண்டியதுதான், மறுபக்கம் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். அங்கே வாழ்வதற்கு வெப்பத்தைத் தாங்கினால் மட்டும் போதாது, வெப்ப மாற்றத்தைச் சமாளிக்கவும் வேண்டும்.

இந்த உயிர்களின் புரதங்கள் இயல்பிலேயே உறுதியானவை என்பது உண்மை. உள்ளீடு இறுக்கமாக அடைபட்டிருக்கும், மேற்பரப்பில் எதிரெதிர் மின்னூட்டங்கள் இணை இணையாகப் பிணைந்திருக்கும். ஆனால் உறுதிக்கு ஒரு விலை உண்டு. நொதி வேலை செய்ய வேண்டுமானால் கொஞ்சம் அசைந்துகொடுக்க வேண்டும். அளவுக்கு மேல் இறுகினால் தான் வாழும் சூட்டிலேயே அது மந்தமாகிவிடும். அதனால் ஒவ்வோர் உயிரின் புரதமும் அதனதன் வீட்டு வெப்பநிலைக்குச் சற்று மேலேவரைதான் தாங்கும்படி அமைந்திருக்கிறது. பைரோகாக்கஸின் புரதம் ஈ. கோலையின் புரதத்தைவிடப் பல மடங்கு உறுதியானதாக இருக்கலாம். தன் சொந்த எல்லையிலிருந்து அதற்குள்ள இடைவெளி பெரிதாக இல்லை. பத்து டிகிரி ஏறினால் இரண்டும் ஒரே மாதிரி தவிக்கும்.

அப்படியானால் இத்தனை ஆபத்தில் வாழும் உயிர்களிடம் துணைப் புரதங்களின் பெரும்படையே இருக்க வேண்டும். இருப்பது நேர்மாறு. மரபணுத் தொகுதிகள் படிக்கப்பட்டபோது, மிக உயர்ந்த வெப்பத்தில் வாழும் ஆர்க்கியாக்களில் எச்.எஸ்.பி. 70 இல்லை, எச்.எஸ்.பி. 90 இல்லை, பெரும்பாலும் எச்.எஸ்.பி. 100 கூட இல்லை என்று தெரியவந்தது. ஈ. கோலை முதல் மனிதன் வரை எச்.எஸ்.பி. 70 இல்லாத வாழ்க்கையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது என்று நினைத்திருந்த காலத்தில் இது பெரிய வியப்பு. மிஞ்சியிருப்பவை தெர்மோசோம், பிரீஃபோல்டின், சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதம், இவற்றோடு சிதைப்பு வேலையைக் கவனிக்கும் சில இயந்திரங்கள்.

கைவசம் உள்ள கருவிகள் குறைவு. அவற்றை எவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்துகின்றன என்பதைத் தெர்மோசோமை நெருங்கிப் பார்த்தால் தெரியும். ஈ. கோலையின் எச்.எஸ்.பி. 60 உருளையில் வளையத்துக்கு ஏழு உறுப்புகள். அதை மூடத் தனியாக ஒரு மூடிப் புரதம் வந்து உட்கார வேண்டும். தெர்மோசோமுக்குத் தனி மூடி கிடையாது. ஒவ்வோர் உறுப்பின் நுனியிலும் ஒரு நீட்சி இருக்கிறது. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து பிணைந்து சிதையும்போது எட்டு நீட்சிகளும் உள்நோக்கிச் சாய்ந்து, கேமராவின் திறப்பு சுருங்குவதுபோல் அறையை அடைத்துவிடுகின்றன. உள்ளே சிக்கிய அவிழ்ந்த சங்கிலிக்கு இப்போது பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேறு சங்கிலி இல்லை. தனியே, நிதானமாக மடிய அதற்கு அவகாசம் கிடைக்கிறது. மடிந்ததும் அறை திறக்கிறது. தெர்மோபிளாஸ்மா அசிடோஃபிலம் என்ற ஆர்க்கியாவின் தெர்மோசோமை அணு அணுவாகப் படம்பிடித்த எக்ஸ்-கதிர் ஆய்வு 1998இல் வெளிவந்தது. அந்தத் தெர்மோபிளாஸ்மாவை 1970இல் முதன்முதலாகக் கண்டெடுத்தது தானாகவே எரிந்து புகைந்துகொண்டிருந்த ஒரு நிலக்கரிக் கழிவுக் குவியலில்.

சல்ஃபோலோபஸ் இதில் இன்னொரு படி மேலே போகிறது. அதன் வளையத்தில் ஒன்பது உறுப்புகள். உறுப்புகள் ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று வகை. சாதாரணச் சூட்டில் மூன்றும் கலந்திருக்கும். சூடு ஏற ஏற ஆல்பாவும் பீட்டாவும் கூடுகின்றன, காமா குறைந்து மறைகிறது. காமா இல்லாத உருளை அதிக உறுதியானது. ஒரே இயந்திரத்தைப் பருவத்துக்கு ஏற்ப வேறு வேறு பாகங்களை வைத்து மறுபடி மறுபடி கட்டிக்கொள்கிறது அந்தச் செல். இது 2003இல் டிரெண்டின் குழு வெளியிட்ட முடிவு. வெப்ப அதிர்ச்சி என்றால் ஏதோ ஒரு விசை அழுத்தப்படுவது என்ற பழைய எண்ணத்தை இந்த ஒரு ஆய்வே போதுமான அளவு திருத்திவிடுகிறது.

பிரீஃபோல்டினின் வடிவம் ஜெல்லிமீனை நினைவூட்டும்: ஓர் உடல், கீழே ஆறு நீண்ட கால்கள். கால்களின் நுனிகளால் அவிழ்ந்த சங்கிலியைப் பற்றி எடுத்துப்போய்த் தெர்மோசோமின் வாயில் கொடுப்பது அதன் வேலை. எச்.எஸ்.பி. 70 இல்லாத உயிர்களில் அந்த இடத்தின் ஒரு பகுதியை இது நிரப்புகிறது என்று பலர் கருதுகிறார்கள்.

சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் கதை பசிபிக்கின் அடியிலிருந்து வருகிறது. 2,600 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கி ஒரு புகைபோக்கியின் அடிவாரத்தில் எடுத்த மாதிரியிலிருந்து பிரிக்கப்பட்டது மெத்தனோகால்டோகாக்கஸ் ஜனாஷி. 1996இல் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட முதல் ஆர்க்கியா இதுதான். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெர்க்லியில் சுங்-ஹோ கிம் குழு இதன் சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் அமைப்பை வெளியிட்டது. 24 ஒரே மாதிரியான உறுப்புகள் சேர்ந்த ஓர் உள்ளீடற்ற பந்து. வெளிவிட்டம் சுமார் 12 நானோமீட்டர், சுவரில் 8 முக்கோண ஜன்னல்களும் 6 சதுர ஜன்னல்களும். இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்பட்ட வடிவம் அது. நம் கண்ணின் லென்ஸில் உள்ள ஆல்பா-கிரிஸ்டலின் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. லென்ஸின் உட்பகுதிச் செல்கள் புதிய புரதம் செய்வதில்லை. பிறப்பில் அமைந்த புரதங்கள் கடைசிவரை தெளிவாக இருந்தாக வேண்டும். அவை திரண்டால் கண்புரை. கொதிக்கும் கடலடியில் திரளைத் தடுக்கும் அதே மடிப்பு அமைப்பு, எழுபது வயதுக்காரரின் கண்ணிலும் திரளைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

எச்.எஸ்.பி. 70 ஏன் இல்லை என்ற கேள்விக்குச் சுலபமான விடை ஒன்று உலவுகிறது: 90 டிகிரிக்கு மேல் அது வேலை செய்யாது, அதனால் இயற்கை அதைக் கைவிட்டது என்பார்கள். இந்த விடை நிற்காது. தெர்மோடோகா மரிட்டிமாவும் அக்விஃபெக்ஸ் ஏயோலிகஸும் பாக்டீரியாக்கள். முன்னது 80 டிகிரியிலும் பின்னது 95 வரையிலும் வாழ்பவை. இரண்டிடமும் எச்.எஸ்.பி. 70 இருக்கிறது, வேலையும் செய்கிறது. மறுபுறம், மிதமான சூட்டில் வாழும் ஆர்க்கியாக்களில், குறிப்பாக மெத்தனோசார்சினாவிலும் உப்புநீரில் வாழ்பவற்றிலும், எச்.எஸ்.பி. 70 உண்டு, அவற்றின் மரபணு பாக்டீரியாவின் மரபணுவையே ஒத்திருக்கிறது. பாக்டீரியாவிடமிருந்து இரவல் வாங்கியவை அவை என்பதே பொருத்தமான விளக்கம். ஆக, வேறுபாட்டின் வேர் வெப்பத்தில் இல்லை, பரம்பரையில் இருக்கிறது. ஆர்க்கியாக்களின் மூதாதையர் தெர்மோசோமை வைத்தே வாழக் கற்றுக்கொண்டார்கள். பிற்பாடு சில கிளைகள் மட்டும் பாக்டீரியாவின் கருவியைச் சேர்த்துக்கொண்டன.

பரம்பரையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சல்ஃபோலோபஸின் புரத வரிசையை 1991இல் டிரெண்ட் படித்தபோது அது ஈ. கோலையின் எச்.எஸ்.பி. 60ஐவிட, எலியிலும் மனிதனிலும் உள்ள டி.சி.பி.-1 என்ற புரதத்தோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது. அந்த டி.சி.பி.-1 நம் செல்களில் எட்டு வகை உறுப்புகள் கொண்ட ஓர் உருளையின் பகுதி. ஆக்டின், டியூபுலின் ஆகியவை மடிய அந்த உருளை இல்லாமல் முடியாது. தசை சுருங்குவதற்கும் செல் பிரிவதற்கும் அடிப்படையான புரதங்கள் அவை. ஆர்க்கியாக்கள் பாக்டீரியாவிலிருந்து வேறான ஓர் உயிர்ப் பிரிவு என்று கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977இல் சொன்னதற்கு, வெந்நீர் ஊற்றின் அடியிலிருந்து வந்த வலுவான சாட்சிகளில் இதுவும் ஒன்று.

சூடு ஏறியதை இந்தச் செல்கள் எப்படி உணர்கின்றன? ஈ. கோலையில் சிக்மா 32 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் இருக்கிறது. அதை உருவாக்கும் ஆர்.என்.ஏ.வே தன்னுள் மடிந்து கிடந்து, சூட்டில் அவிழ்ந்து, செல்லுக்குத் தகவல் சொல்கிறது. ஆர்க்கியாக்களில் சிக்மா 32 கிடையாது. பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸில் மிக்கேல் தோம் குழு 2003இல் கண்டுபிடித்த ஒரு கட்டுப்பாட்டுப் புரதம், சாதாரணச் சூட்டில் டி.என்.ஏ.யில் உட்கார்ந்து சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதம் உட்படச் சில மரபணுக்களைத் தடுத்துவைத்திருக்கிறது. சூடு ஏறும்போது அது விலக, தடை நீங்குகிறது. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு, பைரோகாக்கஸை 90இலிருந்து 105க்கு மாற்றி எந்தெந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று ஒட்டுமொத்தமாக அளந்தது. தெர்மோசோமும் சிறிய புரதமும் எதிர்பார்த்தபடியே எழுந்தன. கூடவே, சில கரைபொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்களும் எழுந்தன.

அந்தக் கரைபொருள்களைத் தனியே கவனிக்க வேண்டும். துணைப் புரதங்கள் தனியாகப் போராடுவதில்லை. டை-மையோ-இனோசிட்டால் பாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறு, சூடு கூடக் கூடப் பைரோகாக்கஸ் செல்லுக்குள் குவிகிறது. புரதங்களைச் சுற்றியுள்ள நீரின் தன்மையை மாற்றி, அவை அவிழ்வதைக் கடினமாக்குகிறது. செல்லைச் சுற்றியுள்ள சவ்விலும் மாற்றம் நடக்கிறது: இரண்டு அடுக்காக இருக்க வேண்டிய கொழுப்பு, இரு பக்கத்தையும் ஊடுருவும் ஒரே நீளமான மூலக்கூறாக இணைந்து நிற்கிறது. டி.என்.ஏ.வை எதிர்த்திசையில் முறுக்கிவைக்கும் ரிவர்ஸ் கைரேஸ் என்ற நொதி, 80 டிகிரிக்கு மேல் செழிக்கும் நுண்ணுயிர்கள் அனைத்திடமும் காணப்படுகிறது. தெர்மோசோமை மட்டும் எடுத்துவைத்து இந்த உயிர்களின் தாக்குப்பிடிப்பை விளக்க முயல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

வெப்பத்தின் மறுமுனைக்குப் போனால் இதே கோட்பாடு தலைகீழாக வேலை செய்கிறது. அண்டார்டிகாவின் ராஸ் கடலோரத்தில், கடலில் கலக்கும் எண்ணெயைத் தின்று வாழும் ஒலைஸ்பிரா அண்டார்டிக்கா என்ற பாக்டீரியா கிடைத்தது. அதன் எச்.எஸ்.பி. 60 உருளையும் மூடியும் குளிரில் திறமையாக வேலை செய்பவை. 2003இல் மானுவேல் ஃபெரர், கென்னத் டிம்மிஸ் குழுவினர் அவற்றின் மரபணுக்களை ஈ. கோலைக்குள் செலுத்தினார்கள். 8 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ முடங்கிவிடும் ஈ. கோலை, 4 டிகிரியிலும் வளர்ந்தது. ஒரு முழு உயிரின் குளிர் எல்லையையே இரண்டு துணைப் புரதங்கள் நகர்த்திவிட்டன. ஈ. கோலைக்குக் குளிரில் சோதனையாக அமைந்தது தன் துணைப் புரதங்களின் தளர்ச்சிதான் என்று இது காட்டுகிறது. இந்தத் துறையில் இதைவிட வலுவான நிரூபணம் குறைவு. இன்று ஆய்வகங்களில் விற்பனையாகும் ஆர்க்டிக் எக்ஸ்பிரஸ் என்ற செல் வகை இந்த ஆய்விலிருந்தே பிறந்தது. சாதாரணச் சூட்டில் திரண்டு வீணாகும் புரதங்களை அந்தச் செல்லில் வைத்துக் குளிரில் நிதானமாக உற்பத்தி செய்துகொள்ளலாம்.

அண்டார்டிகாவின் இன்னொரு பாக்டீரியாவான சூடோஆல்டெரோமோனாஸ் ஹலோபிளாங்க்டிஸ் வேறு வழியில் போகிறது. குளிரில் அது எச்.எஸ்.பி. 60, 70 இரண்டையும் குறைத்துக்கொண்டு, ரைபோசோமின் வாயிலிலேயே நின்று புதிய சங்கிலியைத் தாங்கும் டிரிகர் ஃபேக்டர் என்ற துணைப் புரதத்தைப் பெருமளவு கூட்டுகிறது. அண்டார்டிகாவின் டெரா நோவா விரிகுடாவில் வாழும் ஒரு செல் உயிரியான யூப்லோட்டஸ் ஃபோகார்டியைப் பற்றிய செய்தி கவலை தருவது. அதனிடம் எச்.எஸ்.பி. 70 மரபணு இருக்கிறது. ஆனால் சூடேற்றினால் அந்த மரபணு எழுவதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக வெப்பம் மாறாத கடலில் வாழ்ந்ததில் அந்த எச்சரிக்கை மணி அறுந்துபோய்விட்டது. அதே கடலில் வாழும் டிரெமாட்டோமஸ் பெர்னாக்கி என்ற மீனிலும் இதே நிலை. வுல்கானோவின் பைரோடிக்டியத்துக்கு ஆறு டிகிரி ஏற்றத்தைச் சமாளிக்கும் வழி தெரியும். இந்த அண்டார்டிக் உயிர்களுக்கு அந்த வழி இல்லை. கடல் வெப்பமாகிவரும் நூற்றாண்டில், மிகக் கடுமையான இடத்தில் வாழ்வதைவிட மாறாத இடத்தில் வாழ்ந்து பழகியதுதான் பெரிய ஆபத்து என்று இந்த ஒப்பீடு எச்சரிக்கிறது.

உயர்ந்த வெப்பத்துக்கு எல்லை எங்கே? 1997இல் அட்லாண்டிக்கின் நடுமேட்டிலிருந்து பைரோலோபஸ் ஃபுமாரி வந்தபோது 113 டிகிரி. 2003இல் கஸம் கஷேஃபியும் டெரெக் லவ்லியும் அறிவித்த நுண்ணுயிர், மருத்துவமனைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் ஆட்டோகிளேவின் வெப்பமான 121 டிகிரியில் பெருகியது. 2008இல் ஜப்பானின் கென் தகாய் குழு 122 டிகிரியை எட்டியது. அந்த உயிர் மெத்தனோபைரஸ் காண்ட்லெரி. கிடைத்த இடம் இந்தியப் பெருங்கடலின் நடுமேட்டில், சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில் உள்ள கைரெய் ஊற்றுப் பகுதி. சாதாரண ஆய்வக அழுத்தத்தில் அது 116 டிகிரியோடு நின்றுவிட்டது. ஆழ்கடலின் அழுத்தத்தைக் கொடுத்தபோதுதான் 122. இதற்கு முன் அளந்த எல்லைகளில் எத்தனை அழுத்தம் இல்லாததால் குறைந்து தெரிந்தன என்ற கேள்வியை அந்த ஆறு டிகிரி எழுப்பிவிட்டது.

மெத்தனோபைரஸிடமும் தெர்மோசோம் இருக்கிறது, ஒரே வகை உறுப்பால் ஆனது. செல்லுக்குள் சைக்ளிக் டைபாஸ்போகிளிசரேட் என்ற கரைபொருள் உப்பைப்போல் அடர்ந்து நிறைந்திருக்கிறது. 122க்கு மேலே முதலில் முறிவது எது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. புரதங்களைவிட ஏ.டி.பி., என்.ஏ.டி. போன்ற சிறு மூலக்கூறுகள்தான் அந்தச் சூட்டில் வேகமாகச் சிதைகின்றன. தெர்மோசோம் இயங்குவதே ஏ.டி.பி.யால். அந்த எரிபொருள் சிதையும் வேகம் தயாரிக்கும் வேகத்தை மிஞ்சிவிட்டால், எத்தனை சதவீதம் தெர்மோசோம் இருந்தும் பயனில்லை. எல்லையைத் தீர்மானிப்பது அதுவாக இருக்கலாம் என்ற வாதமே இப்போதைக்கு வலுவாகத் தெரிகிறது.

இதைச் சோதிக்க வேண்டிய இடங்களில் சில நமக்கு அருகில்தான் இருக்கின்றன. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும், இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றைத் தன்னியக்க நீர்மூழ்கிக் கலத்தால் படம்பிடித்ததை 2024 டிசம்பரில் அறிவித்தன. கைரெய் ஊற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம். அழுத்தமும் அதற்கேற்ப அதிகம். அத்தகைய புகைபோக்கிச் சுவரிலிருந்து துண்டு எடுத்து, ஆக்சிஜன் படாமல், அழுத்தம் விடாமல் மேலே கொண்டுவந்து, 120 டிகிரிக்கு மேல் வளர்த்து, செல்லுக்குள் தெர்மோசோமும் ஏ.டி.பி.யும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளப்பதுதான் அடுத்து நடக்க வேண்டிய வேலை.